பெங்களூரில் எனக்கேற்ற ஏஏ கூட்டத்தைக் கண்டடைந்த விதம்

குடியை நிறுத்தத் தீர்மானித்ததும், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களைத் தேடுவதற்கு முன் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குச் சென்றேன்; ஏனெனில் நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் தேறியபின், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் உதவி எண்ணை அழைத்து, அல்சூருக்கு அருகே தமிழில் பேசும் குழு உண்டா, அது குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா, மற்றவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, வேலை முடிந்து வந்துசேர முடியுமா என்று விசாரித்தேன். மொழி மிக முக்கியம்: என் அவமானத்தையும் ஆற்றாமையையும் ஆங்கிலத்தில் என்னால் சொல்லியிருக்கவே முடியாது.

கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி, அங்கே கேட்ட பெயரையும் பேச்சையும் வெளியே சொல்லக் கூடாது என்பது மரபு. பேச மனமில்லாத நாள்களில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு குழு ஒத்துவரவில்லையென்றால் வேறொன்றுக்குச் செல்லுங்கள், கூட்டமே பயனற்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எனக்கு நிலைத்த பலன், பல ஆண்டுகளாகக் குடிக்காத மூத்த உறுப்பினர் ஒருவரை வழிகாட்டியாக ஏற்ற பிறகே கிடைத்தது, சம்பள நாள் மாலையில் குடிக்கத் தோன்றினால், "அண்ணா, கொஞ்சம் பேசலாமா?" என்று அவரைத்தான் அழைக்கிறேன். என் மனைவி, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்திற்குத் தனியே சென்று வருகிறார்.