பிரிண்டருக்காக ரவுட்டரில் கை வைக்காதீர்கள்

பிரிண்டர் வைஃபையில் சேர மறுத்தால் பலரும் முதலில் கை வைப்பது ரவுட்டரில்தான். பாஸ்வேர்டைச் சுலபமாக்குவார்கள், பாதுகாப்பு முறையை ஒரு படி இறக்குவார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் ‘ஓப்பன்’ என்று போட்டுவிடுவார்கள். பிரிண்ட் வந்துவிடும். மாற்றியதைத் திரும்ப மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. வேலூரில் இது சின்ன விஷயம் இல்லை. சி.எம்.சி.யைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்கள், காட்பாடியில் வி.ஐ.டி. மாணவர்களை நம்பி நடக்கும் ஜெராக்ஸ் கடைகள், சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் பிரிண்டர் வழியாகப் போவது அடுத்தவர்களின் ஆதாரும் பாஸ்போர்ட்டும் மருத்துவ ரிப்போர்ட்டும்தான்.

பழைய லேசர் பிரிண்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். நன்றாக உழைக்கும், டோனர் மலிவு, தூக்கிப் போட மனம் வராது. ஆனால் சில பழைய மாடல்களுக்கு டபிள்யூ.இ.பி. அல்லது அதற்கு அடுத்து வந்த முதல் தலைமுறை டபிள்யூ.பி.ஏ. என்ற பழைய பாதுகாப்பு முறைகள் மட்டும்தான் தெரியும். டபிள்யூ.இ.பி. என்பது 1997-ல் வைஃபையோடு சேர்ந்தே வந்த பாதுகாப்பு முறை. அதன் பலவீனம் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்துச் சில நிமிடங்களில் அதை உடைத்துவிடலாம். அந்த ஒரு பிரிண்டருக்காக ரவுட்டரை அந்த அளவுக்கு இறக்கினால், அதில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, உங்கள் போன் எல்லாமே அதே நிலைக்கு வந்துவிடும்.

கூடவே இன்னொரு நஷ்டமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. டபிள்யூ.இ.பி.யிலோ, டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்கத்திலோ ஓடும் இணைப்புக்கு 802.11என் என்ற வைஃபை தலைமுறை முதல் வந்த வேகங்கள் கிடைக்காது. நொடிக்கு 54 மெகாபிட் என்ற பழைய உச்சத்திலேயே நின்றுவிடும். ‘ஃபைபர் போட்டும் நெட் இழுக்குது’ என்று இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன்னால், ரவுட்டரில் பாதுகாப்பு முறை என்ன என்று ஒருமுறை பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று இருக்க வேண்டும். அது வராத பிரிண்டரை லேன் கேபிளிலோ யு.எஸ்.பி.யிலோ மாட்டுங்கள். ‘கேபிள் போட்டா பார்க்க நல்லா இருக்காதேண்ணா’ என்பார்கள். இருக்காதுதான்.

புது ரவுட்டரில் பிரச்சினை நேர் எதிராக வரும். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தால், அது தெரியாத பிரிண்டர் சேரவே சேராது. 2-ம் 3-ம் கலந்த முறை ஒன்று பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்படியும் பிரிண்டரின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் பாதுகாப்பைச் சந்தேகிக்காதீர்கள், அலைவரிசையைப் பாருங்கள். மலிவு விலை பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றியவர்கள் நிறைய.

பாஸ்வேர்டு விஷயத்தில் தவறு நடப்பதற்குக் காரணமே பிரிண்டரின் திரைதான். இரண்டு வரி காட்டும் சின்னத் திரை, மேலே கீழே போக இரண்டு பட்டன். சிறிய ஏ-யில் ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பெரிய எழுத்தெல்லாம் தாண்டி, எண்களைத் தாண்டி, கடைசியில்தான் டாலர் குறியும் நட்சத்திரக் குறியும் வரும். ஒன்று தாண்டிப் போய்விட்டால் திரும்ப ஒரு சுற்று. இந்த அவஸ்தையில் மனிதர்கள் 12345678-க்கு இறங்கிவிடுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். விசேஷக் குறிகளை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சின்ன ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். அடிப்பதற்கும் சுலபம், ஊகிப்பதற்கும் கஷ்டம். கடைப் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்ப்பதைத் தெருவில் போகிறவரே ஊகித்துவிடுவார்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதி பக்கம் போகிறவர்கள் உண்டு. அதில் பட்டன் முறையும் இருக்கிறது, பின் எண் முறையும் இருக்கிறது. பட்டன் முறை பரவாயில்லை. அழுத்தியபின் சுமார் 2 நிமிடம்தான் கதவு திறந்திருக்கும். பின் எண் முறைதான் ஆபத்து. 8 இலக்கம் என்பதால் பத்துக் கோடி வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதியையும் நாலு, மூன்று என்று தனித்தனியாகச் சோதிப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பின் எண் சிக்கிவிடும் என்று 2011-ல் தெரியவந்தது. சிக்கினால் உங்கள் நீளமான பாஸ்வேர்டு தானாக வெளியே வந்துவிடும். பிரிண்டர் சேர்ந்ததும் ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள்.

இனி யாரும் திறந்தே பார்க்காத ஓர் அமைப்பு. காந்தி ரோட்டில் நின்று போனில் வைஃபை பட்டியலைப் பார்த்தால், ‘டைரக்ட்’ என்று தொடங்கி ஒரு பிரிண்டர் மாடல் பெயரோடு முடியும் இணைப்புகள் தட்டுப்படலாம். அது வைஃபை டைரக்ட். ரவுட்டர் இல்லாமலே போனும் பிரிண்டரும் பேசிக்கொள்ள பிரிண்டர் தானே பரப்பும் வைஃபை. இதன் பாஸ்வேர்டு 12345678 என்றே இருக்கும்படி கம்பெனியிலிருந்து வந்த மாடல்கள் நிறைய உண்டு. ரவுட்டருக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், பின்கதவைத் திறந்து வைத்த வீடு மாதிரிதான் இது. தேவையில்லை என்றால் பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் அணைத்துவிடுங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து பிரிண்ட் எடுக்க இது வேண்டியதே இல்லை. தேவை என்றால் பாஸ்வேர்டை மாற்றி, புதிதாக ஒரு போன் சேரும்போது பிரிண்டரில் அனுமதி கேட்கும்படி வையுங்கள்.

லாட்ஜ்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. ரிசப்ஷனில் வைஃபை பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருப்பார்கள், அதே வைஃபையில் ரிசப்ஷன் பிரிண்டரும் இருக்கும். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் பாஸ்போர்ட் எல்லாம் அந்த மெஷினில்தான் ஸ்கேன் ஆகும். இப்போது ஒரு விருந்தாளி பிரிண்டரின் ஐ.பி. முகவரியைத் தன் போன் பிரவுசரில் அடித்தால் போதும், பிரிண்டரின் பக்கம் திறக்கும். அட்மின் பாஸ்வேர்டு வைக்கவில்லை என்றால், பல மாடல்களில் யார் என்ன ஃபைல் அச்சடித்தார்கள் என்ற பட்டியல் அங்கேயே தெரியும். சில எச்.பி. மாடல்களில் அந்தப் பக்கத்திலிருந்தே ஸ்கேனும் செய்யலாம். கண்ணாடி மேல் யாரோ மறந்துவிட்டுப் போன பாஸ்போர்ட்டை மூன்றாம் மாடி ரூமில் படுத்துக்கொண்டே எடுத்துவிட முடியும்.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ தனியாகத் திறந்துவிடுங்கள், பிரிண்டர் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கட்டும். மாற்றி பிரிண்டரை கெஸ்ட் பக்கம் போட்டால், அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காது, உங்கள் கம்ப்யூட்டருக்கே பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். இரண்டாவது, அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. சில மாடல்களில் வரிசை எண்ணேதான் முதல் பாஸ்வேர்டு, அது பின்பக்க ஸ்டிக்கரில் பளிச்சென்று இருக்கும். அதை மாற்றாமல் விடாதீர்கள்.

வைஃபை பெயரை மறைப்பது, மேக் முகவரி என்ற கருவியின் அடையாள எண்ணை வைத்து வடிகட்டுவது இரண்டும் வெறும் மனத்திருப்திதான். தேடத் தெரிந்தவனை இவை தடுக்காது, பிரிண்டரைச் சேர்க்கும் உங்களுக்குத்தான் தலைவலி.

வெளியூரிலிருந்து கடைக்கு பிரிண்ட் அனுப்ப ஆசைப்பட்டு ரவுட்டரில் 9100 போர்ட்டை, அதாவது பிரிண்டருக்கு நேராகப் போகும் வழியை, இணையத்துக்குத் திறந்துவிடும் பழக்கம் அதைவிட மோசம். 2018 நவம்பரில் உலகெங்கும் அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களுக்குள் ஒருவர் நுழைந்து, ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்டு நோட்டீஸ் அடிக்க வைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். வாட்ஸ்அப்பில் ஃபைலை வாங்கிக் கடைப் பையன் அச்சடிப்பதே போதும்.

கடைசியாக, பிரிண்டரை விற்கும்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ உள்ளே உங்கள் வைஃபை பாஸ்வேர்டும், ஸ்கேன் அனுப்ப வைத்த மெயில் விவரமும் அப்படியே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அப்புறம் மெனுவிலிருந்து நெட்வொர்க் ரிப்போர்ட் ஒரு தாள் எடுத்து, வைஃபை பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினைக் கொடுங்கள்.