பழைய கைலி, பழைய புடவை: வார இறுதியில் உடுத்துமுன் செய்ய வேண்டியவை

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வீட்டில் உடுத்த, நைந்த பருத்திக்கு ஈடு எதுவும் இல்லை. நூறு தடவை துவைத்த கைலியில் ஆலைக் கஞ்சி துளியும் மிஞ்சியிருக்காது. நூல் இளகி, வியர்வையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பீரோவுக்குள் துணியைக் கெடுப்பதும் இதே புழுக்கம்தான். அதனால் பாட்டியின் சுங்குடிப் புடவையையோ தாத்தாவின் கட்டம் போட்ட கைலியையோ சனிக்கிழமை காலையில் எடுத்து அப்படியே உடுத்த வேண்டாம். வியாழன் இரவே ஆரம்பியுங்கள்.

முதலில் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புடவையில் கால் பக்கக் கரையும் இடுப்பில் செருகும் இடமும் முதலில் நையும். முந்தானையும் நடுப்பகுதியும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். மெல்லிய ‘சர்ர்’ சத்தம் கேட்டால் அது இனி உடுத்தத் தாங்காது. நல்ல பகுதியை வெட்டித் தலையணை உறையாக்கலாம். கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்த துணியில் கறை நூலுக்குள்ளேயே இறங்கியிருக்கும், எவ்வளவு துவைத்தாலும் முழுசாகப் போகாது. அதன் மேல் பாசம் வைக்காதீர்கள்.

பருத்திதானா என்று தெரியாவிட்டால், உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்; புழுக்க நாளுக்கு அது வேண்டவே வேண்டாம். ரேயானும் பருத்தி மாதிரியே எரிவதால் அதற்கு வேறு வழி: நூலின் நடுவில் ஒரு சொட்டு நீர் விட்டு இழுங்கள். ஈரம் பட்ட இடத்தில் எளிதில் அறுந்தால் பெரும்பாலும் ரேயான். பாத்தேக் (மெழுகுச் சாயப் பூவேலை) நைட்டிகளில் பல இந்த ரகம். நனைந்தால் பலமிழப்பதால் முறுக்கிப் பிழிவதும் மெஷினில் வேகமாகச் சுற்றுவதும் ஆகாது.

அடுத்தது வாடை. 5 லிட்டர் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் கலந்து 30 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு சோப்புப் போடுங்கள். அதே வாளியில் குளோரின் பிளீச் ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் கறை இருந்தால், ஆக்சிஜன் வகை பிளீச்சை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாக்கெட்டில் சொன்ன அளவுப்படி சில மணி நேரம் ஊறவைக்கலாம். குளோரின் பிளீச் பழைய நூலை அரித்துவிடும், வியர்வைக் கறையை இன்னும் மஞ்சளாக்கும். சாயத் துணியானால், ஈரமான வெள்ளைத் துணியை உள் மடிப்பில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாக, குளிர்ந்த நீரில்தான் துவைக்க வேண்டும். பாத்தேக்கை ஜாவாவில் ‘லெராக்’ காயால் அலசுவார்கள். நம் பூந்திக்கொட்டையின் உறவுக் காய்தான் அது. லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், பூந்திக்கொட்டை கிடைத்தால் பத்துக் காயைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

காயவைப்பதுதான் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பெரிய பாடு. மூங்கில் கழியில் மாட்டுமுன் நன்றாகப் பிழிந்துவிடுங்கள் (ரேயானை மட்டும் முறுக்காமல் அழுத்தி), கீழ் வீட்டுக்காரர் துணியில் சொட்டினால் வம்பு. சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடவும். மழை நாளில் மின்விசிறிக்கு நேரே விரித்துப் போடுங்கள். அரை ஈரத்தோடு மடித்தால் போன வாடை திரும்பிவிடும்.

பழைய பாவாடை, பைஜாமாவில் எலாஸ்டிக் மொறமொறவென்று உடைந்திருக்கும். உருவிப் போட்டுவிட்டு, இடுப்பளவைவிட 5 முதல் 8 செ.மீ. குறைவாகப் புதியதைக் கோத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்தாமல் இருக்க நாடாதான் மேல்.

இங்கே மலாய்க்காரர்கள் ‘பெலிக்காட்’ என்று சொல்லும் கட்டம் போட்ட கைலியின் பெயரே சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. அவிழாமல் கட்ட ஒரு வழி: மூட்டிய தையல் பின்பக்கம் வரட்டும். இரு பக்கமும் மிஞ்சும் துணியை வயிற்றுக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி மடித்து, மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மூன்று சுற்றுச் சுருட்டுங்கள். ஒரே சுற்றோடு விட்டால் பத்து நிமிடத்தில் நழுவும். கீழ் விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், இல்லையென்றால் குளியலறைப் படியில் தடுக்கும். புடவையானால் சமைக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகுங்கள். நைந்த பருத்தி சீக்கிரம் தீப்பிடிக்கும்.

திரும்ப எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், வெள்ளிமீன் பூச்சி அதைத்தான் தேடி வரும். மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள். வீட்டில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தை இருந்தால் பாச்சை உருண்டையே வேண்டாம். அந்த நெடி ஏறிய துணியோடு குழந்தையைத் தூக்கவும் கூடாது, ரத்தச் சிவப்பணு உடையும். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையிலேயே இந்தச் சோதனை செய்திருப்பார்கள், முடிவு சுகாதாரக் கையேட்டில் இருக்கும்.