தீவுக்குப் போன பாட்டனைத் தேட: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் தண்டனையாக நாடு கடத்தப்பட்ட மூதாதையரைத் தேடுபவர்கள் முதலில் தண்டனை பெற்ற ஆண்டைத் தோராயமாகவாவது பிடியுங்கள். நீலகிரி தனி மாவட்டமானது 1868-இல்தான். அதற்கு முந்தைய வழக்கைப் பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பதிவுகளில் தேட வேண்டும்; கூடலூர்ப் பக்கமோ 1877 வரை மலபாரோடு இருந்தது. ஊட்டி என்று மட்டும் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப நேரும்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தந்த ஆண்டின் நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளைக் கேளுங்கள். ஆங்கில எழுத்தில் முத்துசாமி ‘மூட்டூசாமி’ ஆகியிருப்பார். பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன் பெயர், சாதி, கிராமம் ஒத்துப்போகிறதா பாருங்கள். கைதி எண் கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அப்பால் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். கைதிகளை அனுப்பிய இடம் 1858-இலிருந்து பெரும்பாலும் அந்தமான். அதற்கு முன் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்.

நீலகிரியிலேயே உள்ள நடுவட்டத்துக் கதை எதிர்த்திசையில் வந்தது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அங்கே கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரத் தோட்டத்தில் உழைத்தார்கள். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து மலையிலேயே தங்கினார்கள். அந்த வழியினர் சிறைக் கோப்போடு நிறுத்தாமல் சிங்கோனாத் தோட்டக் கோப்புகளையும், பக்கத்துச் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.