பைன் போன்சாய்: கத்திரியை எடுப்பதற்கு முன்

ஆல், அரசு, இச்சி என்று தொட்டியில் குட்டை மரமாக, அதாவது போன்சாயாக, வளர்த்துப் பழகியவர்கள் பைனுக்கு வந்ததும் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கிளையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஆலங்கன்றை மொட்டையடித்தாலும் அடிமரத்திலிருந்தே நாலு துளிர் விடும். பைனிடம் அந்தத் தாராளம் கிடையாது. ஒரு ஊசியிலைகூட மிஞ்சாமல் வெட்டிய கிளை அநேகமாகக் காய்ந்தே போகும். அதற்குத் துளிர்விடத் தெம்பு கொடுப்பது அந்தப் பச்சை ஊசிகள்தான். கிளை நீண்டுவிட்டது, குட்டையாக்க வேண்டும் என்றால், நுனியை அடக்கி, உள்பக்கம் வெயில் பட வைத்து, அங்கே ஒரு சிறு துளிர் பிழைத்து நின்ற பிறகுதான் அதுவரை வெட்ட வேண்டும். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

இன்னொரு சங்கடம், தப்பு நடந்தது உடனே தெரியாது. வேர் செத்த பிறகும் பைன் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஊசி வெளிறும்போது மருந்து தேடிப் பயனில்லை.

கத்திரியை எடுக்கும் முன் கையில் இருப்பது எந்தப் பைன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் போன்சாய்க்குப் பேர்போனவை இரண்டு. கடலோரத்து உப்புக்காற்றில் வளரும் கருப்பு பைன், அவர்கள் வழக்கில் குரோமாட்சு. ஊசிகள் ஜோடி ஜோடியாக, தடித்து, குத்தும்படி இருக்கும். மலையில் வளரும் வெள்ளை பைன், கோயோமாட்சு. ஒரு கொத்துக்கு ஐந்து ஊசி, தொட்டால் மெத்தென்றிருக்கும். கருப்பு பைன் வசந்தத்தில் விட்ட தளிரை இழந்தால் அதே கோடையில் இரண்டாவது முறை துளிர்க்கும். வெள்ளை பைனுக்கு வருஷத்துக்கு ஒரே ஈடுதான், அதாவது ஒரே ஒரு தடவைதான் துளிர்க்கும். வீடியோவில் கருப்பு பைனுக்குச் சொன்னதை வெள்ளை பைனில் செய்து பார்த்துக் கிளைகளை இழந்தவர்கள் நிறைய. ஸ்காட்ஸ் பைன், முகோ பைன் வைத்திருப்பவர்களும் ஒரே ஈட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

வசந்தத்தில் நுனிகளில் மெழுகுவர்த்தி போல ஒரு புதுத்தளிர் நிமிர்ந்து வருகிறதே, அதைத்தான் கேண்டில் என்கிறார்கள். கருப்பு பைனில் அதை அடியோடு நீக்கும் வேலைக்கு ஜப்பானில் மெகிரி என்று பெயர். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை செய்வார்கள். அதன் பிறகு வரும் தளிருக்கு வளரக் குறைந்த நாளே மிச்சம் என்பதால் ஊசிகள் குட்டையாக நிற்கும். மரத்தின் அளவுக்குப் பொருந்தும். இங்கே மாதத்தை மனப்பாடம் செய்வதுதான் பிழை. உங்கள் ஊரில் குளிர் வந்து வளர்ச்சி நிற்க ஏறக்குறைய 100 நாள் இருக்கும்போது செய்ய வேண்டும். கோடை குறுகிய டொரண்டோவில் இருப்பவர் முந்திக்கொள்ள வேண்டும். மெல்போர்னில் இருப்பவருக்கு ஜூன் நடுக்குளிர். அவருக்கு இது டிசம்பர் வேலை.

வெட்டும்போது கேண்டிலின் அடியில், பழைய ஊசிகளுக்குச் சற்று மேலே, கத்திரியைக் குறுக்காக நேரே வையுங்கள். சாய்த்து வெட்டினால் மொட்டுகள் ஒரு பக்கமாகவே கட்டும். வெட்டுவாயில் ஒரு சொட்டுப் பிசின் திரளும், பயப்பட வேண்டாம். சில வாரங்களில் அதைச் சுற்றிக் குட்டி மொட்டுகள் கிளம்பும். நாலைந்து வந்தால் இலையுதிர்காலத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் முடிச்சுப்போல வீங்கிவிடும். பிறகு அந்த அசிங்கத்தை மறைக்கவே முடியாது.

நோஞ்சான் மரத்தில் மெகிரி கூடாது. அந்த வருஷம் தொட்டி மாற்றிய மரத்திலும், அடிமரம் இன்னும் பருக்க வேண்டிய இளங்கன்றிலும் கூடாது. வசந்தம் முழுக்க நன்றாக உரம் போட்டு வளர்த்த மரம்தான் இதைத் தாங்கும். வெட்டிய அன்றே தொட்டியின் மேல் இருக்கும் உரத்தை எடுத்துவிட வேண்டும். பரிதாபப்பட்டு உரத்தைத் தொடர்ந்தால் ஊசி மறுபடி நீளும், செய்த வேலை வீண். புது ஊசி விரிந்து முற்றிய பிறகு உரத்தை மீண்டும் தொடங்கலாம்.

வெள்ளை பைனில் கேண்டில் மிக நீண்டிருந்தால், ஊசி விரியும் முன் விரலால் பாதியைத் திருகிக் கிள்ளினால் போதும். கத்திரி பட்ட ஊசியின் நுனி பழுத்துக் கருகும்.

இலையுதிர்காலத்தில் உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்து நோய் என்று பதற வேண்டாம், அது இயல்பு. அப்போதுதான் ஊசி பறிக்கும் வேலை. பைன் தன் பலத்தையெல்லாம் உச்சிக்கே கொடுக்கும். கீழ்க்கிளைகள் பட்டினி கிடக்கும். ஆகவே உச்சியில் ஒரு தளிருக்கு ஐந்தாறு ஜோடி, கீழே பத்துப் பன்னிரண்டு ஜோடி என்று விட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பறித்துச் சுத்தமாக்குவது பார்க்க அழகு. நாலைந்து வருஷத்தில் கீழ்க்கிளை போய்விடும்.

தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் அழுகல் என்று நினைத்துக் குழாயடியில் கழுவிவிடுகிறார்கள். அது மைக்கோரைசா, வேருக்கு நீரும் சத்தும் சேர்த்துக் கொடுப்பது. பழைய மண்ணை முழுக்க உதறாமல் ஒரு தடவை ஒரு பாதி, அடுத்த தடவை மறு பாதி என்று மாற்றுவதே பாதுகாப்பு. கேண்டில் நீளும் முன், வசந்தத் தொடக்கத்தில், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

பைனை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. ஜப்பானியர்கள் உள்ளே வைப்பது விருந்தாளிக்குக் காட்ட, ஓரிரு நாள். 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய ஒரு வெள்ளை பைன் இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரப் பூங்காவில் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் பராமரிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மரம், 1976இல் யமாகி குடும்பத்தார் கொடுத்தது. அப்பேர்ப்பட்ட இனமும் ஏசி அறையில், டீப்பாய் மேல், வெயில் இல்லாமல் தாக்குப்பிடிக்காது.

குளிர்கால ஓய்வு கிடைக்காத சென்னை, மதுரைப் பக்கம் இந்தப் பைன்களுக்குச் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டுமென்றால் சவுக்கு இருக்கிறது. தாவரவியலில் பைனுக்கு உறவில்லை; போன்சாயாக நன்றாகவே வருகிறது. பைன் பக்குவம் படித்துவிட்டு மண்ணைக் காயப்போட்டு மட்டும் வளர்க்காதீர்கள். சவுக்கு தொட்டியில் இருக்கும்போது தண்ணீர் நிறையவே குடிக்கும்.