கவுன்சிலர் முதல் பிரபு வரை: பிரிட்டிஷ் அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி. அந்தப் பக்கம் கேரளத்தின் பாறசாலை கிராம பஞ்சாயத்து. பதவியின் பெயரை மட்டும் வைத்து அதன் அதிகாரத்தை அளக்கக் கூடாது என்பது எல்லையில் வாழும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வாசகசாலைக்கு மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தத் தவறே திரும்பத் திரும்ப வருகிறது.

பிரிட்டிஷ் அரசியல்வாதி டேவிட் பிளங்கட்டை எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே பார்வையற்ற அவர், 1970இல் தமது 22ஆம் வயதில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மாநகர மன்ற உறுப்பினரானார். 1980 முதல் 1987 வரை அம்மன்றத்தின் தலைவராக இருந்தார். இந்தத் ‘தலைவர்’ என்ற சொல்லை ‘மேயர்’ என்று மாற்றிவிடாதீர்கள். அவர் காலத்தில் அங்கே ஆட்சியை நடத்தியவர் பெரும்பான்மைக் கட்சியிலிருந்து வந்த மன்றத் தலைவர். லார்ட் மேயரோ விழாக்களுக்குத் தலைமை தாங்கும் அலங்காரப் பதவியில் இருப்பவர். அவருடைய பட்டத்தில் ‘லார்ட்’ இருப்பதனாலேயே அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினராகிவிடுவதில்லை.

மன்றப் பணியை ஒரே வரியில் கடந்துவிடுவதும் தவறு. உள்ளூர் வரிக்கு மத்திய அரசு விதித்த உச்சவரம்பை எதிர்த்து 1985இல் நடந்த போராட்டத்தில் முன்னணியில் நின்றவர்களுள் பிளங்கட்டும் ஒருவர்; நாடாளுமன்றத்துக்குள் நுழையும் முன்பே நாடறிந்தவராக அவர் இருந்ததற்கு ஷெஃபீல்டே காரணம். 1987இல் ஷெஃபீல்டு பிரைட்சைடு தொகுதியில் வென்று பிரிட்டிஷ் மக்களவை சென்றார்; 1997இல் கல்வித்துறைக்கும் 2001இல் உள்துறைக்கும் அமைச்சரானார்.

பதவி விலகல்களை மறைக்காதீர்கள். 2004 டிசம்பரில் உள்துறையிலிருந்து விலகியவர், அடுத்த ஆண்டு மே மாதம் வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சராகத் திரும்பி, நவம்பரில் மீண்டும் விலகினார். மாதத்தோடு எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

2015இல் மக்களவையை விட்டு விலகிய அவர், அதே ஆண்டில் வாழ்நாள் பிரபுவாக நியமிக்கப்பட்டார். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் இப்பட்டம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. எனவே அவரைத் திருவிதாங்கூர் அரச வம்சத்தாரைப் போலப் பரம்பரைப் பெருமையோடு வர்ணிப்பது பொருந்தாது. பெயரையும் ‘லார்ட் பிளங்கட்’ என்றே எழுதுங்கள். ‘லார்ட் டேவிட் பிளங்கட்’ என்று எழுதினால் உயர்குடிக் கோமகன் ஒருவரின் இளைய மகன் என்று பொருள்பட்டுவிடும்.

கவுன்சிலரான ஒவ்வொருவரும் இந்தப் பாதையில் போனதில்லை. மலபாரில் பிறந்த வி. கே. கிருஷ்ண மேனன், 1934 முதல் 1947 வரை லண்டன் செயின்ட் பான்கிராஸ் மன்ற உறுப்பினராக இருந்தார்; பின்னர் 1971இல் அவர் இந்திய மக்களவைக்குத் தேர்வானது பாறசாலைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரத்திலிருந்து.