கொரியாவில் கிளினிக்குக்குப் போகுமுன்

காய்ச்சல், வயிற்றுவலி என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். கடைவீதிக் கட்டடங்களின் மாடிகளில் இருக்கும் சிறு கிளினிக்கே போதும். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போவதானாலும் இங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால்தான் அரசு மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும். மதியம் 1 முதல் 2 வரை பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளை.

வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை மறக்காதீர்கள். 2024 மே முதல் காப்பீட்டில் மருத்துவம் பார்க்க அடையாளச் சோதனை கட்டாயம். போனில் எடுத்து வைத்த படம் செல்லாது. அட்டை இல்லையென்றால் முழுக் கட்டணமும் கேட்பார்கள்.

டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'சொன்செங்நிம்' (ஆசிரியர் என்று பொருள்படும் மரியாதைச் சொல்) என்றால் போதும். நர்ஸுக்கும் அதுவே பொருந்தும். உள்ளே நுழையும்போது லேசாகத் தலை குனியுங்கள். டாக்டர் பேசுவது சில நிமிடங்கள்தான், அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். எப்போதிலிருந்து, எங்கே, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போனால் அந்த நேரமே தாராளம்.

பதில் சொல்லும்போது மிகக் கவனம் வேண்டும். சம்மதம் என்று நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். அதைவிட ஆபத்து, "மருந்து அலர்ஜி இல்லைதானே?" என்ற கேள்வி. அலர்ஜி இருப்பவர் 'நே' (ஆமாம்) என்று ஆமோதித்தால், இல்லை என்றே பதிவாகிவிடும். இருந்தால் 'இஸ்ஸோயோ', இல்லாவிட்டால் 'ஒப்ஸோயோ' என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைத் தாளில் எழுதியே நீட்டிவிடுவது இன்னும் நல்லது.

சாதாரணச் சளிக்கும் ஊசி போடுவதுண்டு, அதுவும் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில். நர்ஸ் திரைக்குப் பின்னால் அழைத்து, உடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, தோலைத் தட்டிக்கொண்டே குத்துவார். வலி தெரியாமலிருக்கத்தான் அந்தத் தட்டல், பதறாதீர்கள். சேலையைவிட இலாஸ்டிக் வைத்த பேன்ட் வசதி. ஊசி வேண்டாமென்றால் டாக்டர் அறையிலேயே சொல்லிவிடுங்கள், ஊசி அறைக்கு வந்தபின் மறுத்தால் எல்லோருக்கும் சங்கடம். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

குணமானதும் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியராக இருக்கும் டாக்டருக்கு ஸ்வீட் டப்பா கொடுக்கத் தோன்றும். 2016 முதல் நடப்பில் உள்ள லஞ்சத் தடைச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், வாயால் சொல்லும் நன்றியே போதும்.

மருந்து கிளினிக்கில் கிடைக்காது. சீட்டோடு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனால் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சீட்டு பெரும்பாலும் 3 நாள்தான் செல்லும், அன்றே வாங்கிவிடுங்கள்.