தமிழ் இணையப் பக்கங்கள் காதில் விழும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'தமிழ்' என்ற சொல்லை, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழாகவே தெரியும். ஆனால் கணினியில் பதிவாகியிருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் எழுத்தின் வடிவத்தை அறியாது, பதிவாகியிருப்பதையே வாசிக்கும் என்பதால், அவர் காதில் விழுவது பொருளற்ற ஆங்கில ஒலி. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. அதன் பின்னும், அச்சுக்காகப் பழைய எழுத்துருவில் வடிவமைத்த மலர்களையும் அறிக்கைகளையும் அப்படியே பிடிஎஃப் கோப்பாக வலையேற்றும் வழக்கம் ஒழியவில்லை. எழுத்தே கெட்டிருக்கும்போது வேறு எந்த வசதியும் பயன்படாது என்பதால், இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள்.

கையொப்பமும் முத்திரையும் இட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றுவதும் இதே வகைத் தவறுதான், ஏனெனில் அது வெறும் நிழற்படம். முத்திரையிட்ட படி இருக்கட்டும். தட்டச்சு செய்த மூலத்தையும் அதனருகே வையுங்கள். நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடக்கிய அழைப்பிதழ்களுக்கும் இது பொருந்தும். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கமான மாற்று உரையில் 'விழா அழைப்பிதழ்' என்று மட்டும் எழுதினால், எங்கே, எப்போது என்று தெரியாமல் பார்வையற்றவர் எப்படி வருவார்? அழகுக்காக மட்டும் வைத்த கோலத்துக்கும் பூவுக்கும் மாற்று உரையை வெறுமையாக விட்டுவிடலாம். ஆனால் மாற்று உரைக்கான இடத்தையே குறியீட்டில் எழுதாமல் விட்டால், மென்பொருள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

ஆங்கில வார்ப்புருவில் தமிழ்த் தளம் அமைப்போர், பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறியீட்டில் இருப்பதைக் கவனிப்பதில்லை. அப்போது ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முற்பட்டுத் தடுமாறும், அல்லது மௌனமாகக் கடந்துவிடும். பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல் குறியீட்டில் மொழியைத் தமிழ் என மாற்ற ஒரு நிமிடம் போதும்.

பார்வை மங்கியவர்களின் சிக்கல் வேறு. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வைத்தால், தமிழில் முதலில் மறைவது புள்ளிதான். 'க்' என்பது 'க' ஆகத் தெரியும், சொல்லே மாறிவிடும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியின் அளவுகோல். படிவங்களில் 'பெயர்', 'முகவரி' என்பவற்றைப் பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதி, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறையவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். சுட்டியைப் பிடிக்க இயலாமல் டேப் விசையால் நகர்பவருக்கு, தாம் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று காட்டுவது அதைச் சுற்றித் தெரியும் கோடு ஒன்றே. வடிவமைப்பைக் கெடுக்கிறது என்று அதை நீக்குவது, அவர் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பறிப்பதற்குச் சமம்.

அடையாளச் சரிபார்ப்பில் நேரும் தவறுகள் இவற்றைவிடக் கொடியவை. அமில வீச்சுக்கு ஆளாகிக் கண் இமைகளை இழந்தவர்களிடம் 'கண் சிமிட்டுங்கள்' என்று கேட்கும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு எதிரான வழக்கில், எண்ம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒரே உடலசைவையோ, படத்தில் உள்ள எழுத்துகளையோ மட்டும் நம்பாமல், மாற்று வழி ஒன்றை முதல் திரையிலேயே வைக்க வேண்டும்.

காணொளிகளில் தானாக உருவாகும் தமிழ் வசனவரிகளைத் திருத்தாமல் விடுவதும் கூடாது. செவித்திறன் குறைந்தவருக்கு ஊர்ப்பெயரும் எண்களும் தவறாகவே போய்ச் சேரும்.

தானியங்கிச் சோதனைக் கருவி குறை ஏதும் இல்லை என்று சொன்னதுமே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மாற்று உரை இருக்கிறதா என்பதை அது காணும். அதற்குப் பொருள் இருக்கிறதா என்பதைக் காணாது. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் முன்பே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தின் படிவம் ஒன்றைக் காதால் மட்டும் கேட்டு நிரப்பிப் பாருங்கள். அதன் பிறகு, தளத்தை வெளியிடும் முன்பே, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை ஊதியம் கொடுத்து அழைத்து, அவர் தடுமாறும் இடங்களை அருகில் அமர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.